காரைக்குடிப் பக்கம் இகெபானா குழு நடத்துகிறோம்: கிளையும் நிற்கவில்லை, பூவும் தாங்கவில்லை, வழி சொல்லுங்கள்

செம்மண்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், முழுவதும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

சென்னையில் இருந்தபோது ஒன்றரை வருடம் இகெபானா, அதாவது ஜப்பானிய முறையில் பூவும் கிளையும் வைக்கும் கலை, வகுப்புக்குப் போனேன். அதில் சொகெட்ஸு என்கிற பள்ளியின் முறை. அடிப்படைப் பாடங்கள் முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி காரைக்குடிக்கு வந்துவிட்டோம். இங்கே தெரிந்தவர்களிடம் பேசிப் பேசி, இப்போது ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் கூடுகிறோம். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று ஏதாவது வந்தால்தான் அந்த வீடு முழுவதும் திறக்கும், மற்ற நாளில் ஆச்சி இரண்டே அறையில் இருந்துகொள்கிறார்கள். நாங்கள் வருகிறோம் என்றால் மட்டும் விடியற்காலையிலேயே முகப்பைக் கழுவிவிட்டுப் பாய் எடுத்துப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பட்டாலைச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஜப்பானிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலில் வந்த பீங்கான் ஓடுகள், ஒவ்வொன்றிலும் பூ புடைத்து நிற்கும். அதன் எதிரில் உட்கார்ந்து இதைப் பழகுவது எனக்கு மனசுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். முதலாவது, ஏழு பேருக்கு இரண்டே கென்ஸான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கனமான ஈயக் கட்டையில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும், அதில்தான் காம்பைக் குத்தி நிறுத்துவது. இரண்டு பேர் வைக்கும்வரை ஐந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டாவது, பூ. மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி ஜெர்பராவும் கார்னேஷனும் வாங்குகிறோம். வந்து சேரும்போதே ஜெர்பராவுக்குக் கழுத்து தொங்கிவிடுகிறது, சாயங்காலத்துக்குள் வாடியும் விடுகிறது, ஆளுக்கு ஆகும் செலவைப் பார்த்து ஒருவர் நின்றுவிட்டார். போன மாதம் கொய்யாக் கிளை ஒன்றைச் சாய்வாக நிறுத்த நான் அரை மணி நேரம் போராடினேன். நிற்கும், கையை எடுத்ததும் மெல்லத் திரும்பி விழும். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அன்றைக்கு யாருமே முழுதாக ஒன்றும் வைக்கவில்லை.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. நான் ஆசிரியை கிடையாது. பாதி படித்தவள் நடத்தும் குழுவை இகெபானா குழு என்று சொல்லிக்கொள்ளலாமா? மாமியார் ஒருநாள் நான் வைத்ததைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய தட்டில் ஏனம்மா இவ்வளவு காலி, பூ போதவில்லையா என்று கேட்டார்கள். அவர்கள் குறையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கூட்டத்தை எப்படி நடத்துவது, எந்தப் பூவை எடுப்பது, கென்ஸானுக்கு மாற்று உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாடக்குழி எழுதியது:

வணக்கம் அக்கா. நானும் சொகெட்ஸுதான், சென்னையில் ஏழு வருடமாகப் பழகுகிறேன், சொந்த ஊர் பள்ளத்தூர். உங்கள் கிளை ஏன் விழுந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அனேகமாக நீங்கள் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே குத்தியிருப்பீர்கள். அப்படிச் செய்யக் கூடாது. கட்டைக் கிளை என்றால் அடியைச் சாய்வாக வெட்டுங்கள், தடிமனாக இருந்தால் கத்தரியால் அடியில் ஒரு கீறலோ குறுக்கே இரண்டு கீறலோ போடுங்கள், அப்புறம் நேர் செங்குத்தாக ஊசிக்குள் அழுத்தி இறக்குங்கள். நன்றாக இறங்கிய பிறகுதான் அடியைப் பிடித்து மெதுவாகச் சாய்க்க வேண்டும், வெட்டிய முகம் மேலே பார்க்கும்படி. மேலே பிடித்து இழுத்தால் திரும்பத்தான் செய்யும். பூவின் பச்சைக் காம்பு அப்படியல்ல, அதை நேராக மட்டமாக வெட்ட வேண்டும். ஊசிக்குள் பிடிக்காத மெல்லிய காம்புக்குத் தடித்த காம்புத் துண்டு ஒன்றைச் சேர்த்து நூலால் கட்டிக்கொள்ளுங்கள். கிளை கனமாக இருந்து கென்ஸானே கவிழ்கிறது என்றால், இன்னொரு கென்ஸானை எதிர்ப்பக்க ஓரத்தில் தலைகீழாகக் கவிழ்த்து எடைக்கு வைக்கலாம், ஆனால் உங்களிடம் இருப்பதே இரண்டு என்கிறீர்கள்.

அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்ற ஆறு பேருக்காக எழுதுகிறேன். தட்டின் அகலம் 25 செ.மீ., ஆழம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டினால் 30. அதைப்போல் ஒன்றரை மடங்கு, 45 செ.மீ., ஷின் என்கிற முதல் கிளை. அதில் முக்கால் பங்கு சோயே, சுமார் 34 செ.மீ. அந்த சோயேவில் முக்காலோ பாதியோ ஹிகாயே. நிமிர்ந்த அடிப்படை வடிவத்தில் ஷின் செங்குத்திலிருந்து 15 பாகை, சோயே 45, ஹிகாயே 75 பாகை சாய வேண்டும். இந்த மூன்றும் நின்றுவிட்டால் மிச்சமெல்லாம் ஜுஷி, துணைக் காம்புகள், வேண்டிய அளவு சேர்க்கலாம், வேண்டாவிட்டால் விட்டுவிடலாம். பாகையைக் கண்ணால் பழகும்வரை பிள்ளைகளின் பாகைமானியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் அப்படித்தான் பழகினேன்.

கூட்டம் நடத்துவது பற்றி. எங்கள் வகுப்பில் வந்ததும் முதல் வேலை, ஒரு வாளித் தண்ணீருக்குள் காம்பை அமிழ்த்தி, தண்ணீருக்கு உள்ளேயே வைத்து நுனியை வெட்டுவது. மிசுகிரி என்பார்கள். வெளியே வெட்டினால் காம்பின் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறாது. உங்கள் ஜெர்பரா கழுத்து தொங்குவதற்குப் பாதிக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அப்புறம் ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் அதிகம் பேசாமல் வைப்போம். முடித்ததும் எழுந்து இரண்டு மூன்று எட்டு பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தால் குறை தெரியாது. ஆசிரியை ஒவ்வொருவரிடமும் வந்து ஒரு காம்பைத் திருப்புவார், ஒன்றை எடுத்துவிடுவார், அதற்குள் மொத்தமும் மாறிவிடும். பிறகு தாளில் கோட்டுப்படம் வரைந்துகொண்டு, பிரித்து, பூவைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி வைக்க வேண்டும். அக்கா, அந்த இரண்டாவது முறை வைப்பதில்தான் பாடமே இருக்கிறது. ஏழு பேரும் வீட்டில் வைத்ததைப் படம் எடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள்.

இரண்டு கென்ஸான் இருக்கும்போது, இரண்டு பேர் வைக்க, மற்றவர்கள் மிசுகிரி செய்யலாம், கிளையில் தேவையில்லாத இலையைக் கழிக்கலாம், இன்னொருவர் வைப்பதை வரையலாம். சும்மா உட்கார வைக்காதீர்கள். ஈயக் கட்டையைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் முறுக்கு எடுக்கவும் விடாதீர்கள், அதில் கண்டிப்பாக இருங்கள். ஆச்சியின் தட்டில் கீறல் விழாமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிக் கென்ஸானுக்கு அடியில் போடுங்கள், வழுக்கவும் வழுக்காது.


வாழைநார் எழுதியது:

எங்கள் வீட்டில் பூக்கட்டுதான் தொழில், கொப்புடையம்மன் கோயில் பக்கம். அம்மா, நான், தங்கை மூன்று பேரும் கட்டுவோம். உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்மிடம் இல்லாததா? கதம்பம், ஆண்டாள் மாலை, செண்டு, சடைக்குத் தைப்பது என்று எத்தனை இருக்கிறது. அதைப் பழக ஊரில் ஆள் வரமாட்டேன் என்கிறார்கள், ஜப்பான் முறை என்றால் ஏழு பேர் கூடுகிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் அம்மா இகெபானா படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்கள், அதை எழுதத்தான் வந்தேன். நாம் பூவின் தலையைத்தான் எடுக்கிறோம், இவர்கள் காம்பை எடுக்கிறார்கள் என்றார்கள். உண்மைதான். கட்டுக்கு மல்லிகையின் காம்பு நாரில் சிக்கும் அளவுக்கு இருந்தால் போதும், சம்பங்கியோ அரளியோ செவ்வந்தியோ உதிரியாகக் கிலோ கணக்கில்தான் வரும், சந்தையில் காம்போடு யாரும் பறித்துக்கொண்டுவர மாட்டார்கள். அதனால் பூச்சந்தையில் போய் நின்றால் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. காம்போடு வேண்டுமென்றால் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சம்பங்கியை முழுத் தண்டாக, கீழ் மொட்டு இரண்டு விரிந்த பதத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள், வீட்டில் மேலே மேலே விரிந்துகொண்டே போகும், நாலைந்து நாள் நிற்கும். கோழிக்கொண்டையும் அப்படித்தான், காம்போடு கேட்டால் தருவார்கள்.

கென்ஸானுக்கு மாற்று கேட்டீர்கள். வாழைத்தண்டு இருக்கிறதே! பந்தல் அலங்காரத்துக்கு நாங்கள் அதில்தானே குத்துகிறோம். தடித்த வாழை மரத்தை இரண்டு அங்குல உயரத்துக்கு வட்டமாக அறுத்துக்கொள்ளுங்கள், பூக்காம்பு அதில் நன்றாகப் பிடிக்கும், ஈரமும் இருக்கும். மிதக்கும் என்பதால் இரண்டு பக்கமும் கல் வைத்து அணைக்க வேண்டும். கனமான கிளையைத் தாங்காது, பூவுக்கும் இலைக்கும் போதும். கடையில் விற்கிற பச்சை நுரைக்கட்டியை வாங்காதீர்கள், அது மக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலேயே கிடக்கும்.

பூவைப் பஸ்ஸில் கொண்டுவரும்போது பிளாஸ்டிக் பையில் அடைக்கவே கூடாது, உள்ளே வெந்துபோகும். வாழை மட்டைக்குள் வைத்துச் சுருட்டி மேலே ஈரச் சாக்கு சுற்றுங்கள்.


ஊரணிக்கரை எழுதியது:

வாழைநார் சகோதரி சொன்னதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் இகெபானா பழகியவன் இல்லை. தேவகோட்டைப் பக்கம் பள்ளியில் தாவரவியல் எடுத்து ஓய்வுபெற்றவன், காலையில் ஊரணிக்கரையில் நடக்கும்போது கண்ணில் படுவதைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. அம்மா, நீங்கள் மதுரைப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. இந்தச் செம்மண்ணிலும் பொட்டலிலும் வளர்வதெல்லாம் வெயிலுக்குப் பழகியவை, குளிர்ந்த இடத்தில் வளர்ந்து வருகிற ஜெர்பராவைப் போல வெயில் பட்டதும் வாடாது.

இப்போது ஆவணி. ஆவாரை எல்லா வேலியிலும் நிற்கிறது, மஞ்சளும் உண்டு, தட்டையான காயும் உண்டு, இரண்டும் ஒரே கிளையில் இருப்பதை வெட்டுங்கள். எருக்கு உண்டு. எருக்கம் பால் கண்ணில் படக் கூடாது, ஜாக்கிரதை. வெட்டிய நுனியைத் தீயில் ஒரு நொடி காட்டினாலோ கொதிநீரில் சில நொடி முக்கினாலோ பால் நின்றுவிடும், பிறகு தண்ணீரில் வைக்கலாம். அரளியும் அழகுதான், ஆனால் செடி முழுவதும் நஞ்சு, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வைக்க வேண்டாம் என்பேன். புரட்டாசி ஐப்பசியில் மழை விழுந்ததும் கண்மாய்ப் பக்கம் நாணல் பூத்துவிடும், கோரை இருக்கும். அதே சமயத்தில் வேலியில் செங்காந்தள் ஏறும், கார்த்திகைப்பூ என்போமே, நம் மாநிலப் பூ, இலை நுனியே சுருண்டு கொடியாகப் பிடித்துக்கொள்ளும். அதுவும் நஞ்சு, கிழங்கு ரொம்ப மோசம், கையை நன்றாகக் கழுவ வேண்டும். மார்கழி முடிந்து தைக்குக் காப்புக் கட்டும்போது பூளைப்பூ தலைச்சுமையாக வருகிறதே, அதில் கொஞ்சம் எடுத்துவைத்தால் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். மாசியில் கல்யாண முருங்கை, இலை கொட்டிப்போய் வெறுங்கிளை நுனியில் சிவப்புப் பூ மட்டும். நீங்கள் எழுதுகிற அந்தக் காலி இடம் அந்த மரத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். சித்திரைக்குச் சரக்கொன்றை, வேப்பம்பூ. சரக்கொன்றை கீழே தொங்கும், அதைத் தட்டில் நிமிர்த்த முயலாதீர்கள், உயரமான ஜாடியில் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். ஒன்றுமே இல்லாத மாதத்தில் அதன் கறுத்த நீளக் காய் இருக்கும், வாகை நெற்று இருக்கும், பனம்பாளை இருக்கும்.

சீமைக்கருவேலத்தை யாரும் நினைக்க மாட்டீர்கள். ஊரையே கெடுத்த மரம், வெட்டினால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். காய்ந்த கிளை ஒன்றை எடுத்து முள்ளைக் கத்தரியால் ஒடித்துவிட்டுப் பாருங்கள், கணுவுக்குக் கணு திசை மாறி மாறிப் போகும். அப்படி ஒரு கோட்டை வரைந்துகூடக் காட்ட முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊரணியில் தாமரை, அல்லி பறிக்கும் முன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், கோயில் நந்தவனத்தில் கை வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், மழைக்காலத்தில் கொசு முட்டையிட அது போதும்.


செம்மண்தோட்டம் எழுதியது:

ஐயா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தினமும் வண்டியில் போகும்போது இரண்டு பக்கமும் நிற்பதை நான் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

வாழைநார், உங்கள் வருத்தம் நியாயம். தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒன்று கேட்கலாமா, அடுத்த கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வர முடியுமா? முதல் ஒரு மணி நேரம் அவர்கள் எங்களுக்குக் கட்டு சொல்லிக்கொடுக்கட்டும், அதற்கு உரிய கூலியைக் குழுவிலிருந்து கொடுத்துவிடுகிறோம். ஆண்டாள் மாலையை அருகிலிருந்து பார்க்க எங்களில் நாலு பேருக்கு ரொம்ப நாள் ஆசை.


தேவகோட்டையிலிருந்து நகோயா எழுதியது:

ஊரணிக்கரை ஐயா எங்கள் ஊர் என்று தெரிந்ததும் சந்தோஷம். நான் நகோயாவில் 9 வருடமாக இருக்கிறேன், வீட்டருகே ஒரு பொதுக்கூடத்தில் இகெபானா வகுப்பு நடக்கிறது, அங்கே போகிறேன். பெரும்பாலும் வயதான அம்மாக்கள். ஆளுக்கு ஒரு கட்டுப் பூ தாளில் சுற்றி வைத்திருக்கும், எல்லோருக்கும் அதே மூன்று நான்கு வகைதான், அதை வைத்துப் பத்துப் பேர் பத்து விதமாக வைப்போம். உங்கள் குழுவிலும் ஒரு மாதம் எல்லோருக்கும் ஒரே கட்டு கொடுத்துப் பாருங்கள், ஒருவர் கை இன்னொருவருக்கு வராது என்பது அப்போதுதான் தெரியும்.

இகெபானா என்று சொல்லிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பள்ளிப் பெயரைப் போட்டு வகுப்பு நடத்தவும் சான்றிதழ் கொடுக்கவும் அந்தப் பள்ளியின் அனுமதி வேண்டும், அதைச் செய்யாதீர்கள். இகெபானா பழகும் குழு என்று சொல்லிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. கூச்சமே வேண்டாம். இதன் வேர் எங்கே என்று பாருங்கள், கோயிலில் புத்தருக்குப் பூ வைப்பதுதான். கியோட்டோவில் ரொக்காக்குதோ கோயில் குளக்கரையில் குடியிருந்த துறவிகள் வைத்த பூவிலிருந்து வந்ததுதான் இகெனோபோ பள்ளி, அந்தப் பெயருக்கே குளக்கரைக் குடில் என்று பொருள். அவர்களில் சென்கெய் என்பவர் வைத்த பூவைப் பற்றி 1462-ல் எழுதிய நாட்குறிப்பு ஒன்றில் குறிப்பு இருக்கிறது. ஊரணிக்கரையும் கோயிலும் பூவும் நமக்குப் புதிதா என்ன?

முறையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மேல்நாட்டுப் பூக்கள் ஜப்பானுக்கு வந்தபோது அவை குட்டைக் காம்பாக இருந்தன, பழைய உயரமான வடிவங்களுக்குப் பொருந்தவில்லை. அப்போதுதான் ஓஹாரா உன்ஷின் தட்டையான பாத்திரத்தில் பூவைப் பரப்பி வைக்கும் மொரிபானாவைக் கொண்டுவந்தார். நீங்கள் தட்டில் வைக்கிறீர்களே, அது அங்கிருந்து வந்தது. உங்கள் சொகெட்ஸுவை 1927-ல் தொடங்கிய தெஷிகஹாரா சோஃபு இன்னும் ஒரு படி போய், யாரும், எங்கேயும், எந்தப் பொருளிலும் செய்யலாம் என்றார். பூவுக்கும் பாத்திரத்துக்கும் ஏற்ப முறைதான் மாறியிருக்கிறது. அதனால் சீமைக்கருவேலத்தை மனசு நிறைந்து வையுங்கள், அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு அல்லி.

ஐயா சொன்ன செங்காந்தளை இங்கே கோச்சி மாகாணத்தில் காசுப் பயிராக வளர்க்கிறார்கள், கடையில் ஒரு காம்பு வாங்க யோசிப்பேன். சின்ன வயதில் எங்கள் வேலியில் அது படர்ந்து கிடந்ததை நினைத்துக்கொண்டே வாங்குவேன்.

தாமரை பற்றி ஒன்று. இகெனோபோவில் தாமரை மட்டும் வைக்கும்போது சுருண்ட இளம் இலை, விரிந்த இலை, ஓரம் காய்ந்து கிழிந்த இலை மூன்றையும் சேர்த்து வைப்பார்கள், வரப்போகிற காலம், இருக்கிற காலம், போன காலம். காய்ந்த இலையை நாம் கழித்துத் தூரப் போட்டுவிடுவோம், அங்கே அது இல்லாமல் முடியாது. தாமரை வெட்டியதும் தண்ணீர் இழுக்காது, அதனால் சிறிய பம்பால் காம்புத் துளைக்குள் தண்ணீர் ஏற்றுவார்கள். நீங்கள் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு வைத்துச் செய்யலாம், கிழக்கு வெளுக்கும் முன் பறித்தால்தான் சரியாக வரும்.

உயரமான ஜாடிக்குக் கென்ஸானே வேண்டாம். கவட்டைக் குச்சியை ஜாடியின் வாய்க்குள் இறுக்கமாகச் செருகி, அந்தக் கவட்டையில் காம்பைச் சாய்த்து நிறுத்துவார்கள், குபாரி என்று பெயர். ஓணான் அடிக்கக் கவட்டை வெட்டிய ஊர்தானே நமது, நல்ல கவட்டைக்கா பஞ்சம்? கொட்டானையும் விட்டுவிடாதீர்கள். இங்கே வெயில் காலத்தில் மூங்கில் கூடைக்குள் தண்ணீர்க் குவளையை மறைத்து வைத்துப் பூ வைப்பார்கள், பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும். பனையோலைக் கொட்டானுக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்தால் போதும். மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றீர்களே, ஒருநாள் அவர்கள் கையிலேயே ஒரு கிளையும் கத்தரியும் கொடுத்துப் பாருங்கள்.


மாடக்குழி எழுதியது:

குபாரி நல்ல யோசனை. கவட்டை பச்சைக் குச்சியாக இருக்க வேண்டும், காய்ந்ததை அழுத்தினால் உடைந்து ஜாடியில் விரிசல் விட்டுவிடும். ஆச்சி வீட்டு ஜாடியில் பழக வேண்டாம் அக்கா. முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் விளிம்பு உடைந்த ஜாடி கேளுங்கள், உடைந்த பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மங்குத் தட்டும் அங்கேயே பாருங்கள். மரவையில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், மரம் ஊறிப் பூச்சு போய்விடும்.


செம்மண்தோட்டம் எழுதியது:

நேற்று புரட்டாசிக் கூட்டம் முடிந்தது. இரவே எழுத நினைத்தேன், கை முழுக்க முள் கீறல், இன்று காலைதான் முடிந்தது.

வாழைநாரும் அம்மாவும் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். அம்மா பாயில் உட்கார்ந்து ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் நாங்கள் ஆளுக்கு நாலு பூதான் கட்டியிருந்தோம். வலது கைவிரல் எப்படித் திரும்புகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டோம், அவர்களும் சலிக்காமல் மெதுவாகச் செய்து காட்டினார்கள். அப்புறம் அவர்களும் எங்களோடு இகெபானாவுக்கு உட்கார்ந்தார்கள். சம்பங்கித் தண்டு ஒன்றை எடுத்து, அதில் பாதி மொட்டைக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் வைத்தார்கள். ஏன் என்று கேட்டேன். எல்லாம் ஒரே சீராக இருந்தால் மாலை, இது செடி மாதிரி இருக்க வேண்டும் என்றுதானே சொன்னீர்கள் என்றார்கள். நான் அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை.

சீமைக்கருவேலம் நின்றது. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கவட்டைக்காகப் பச்சைக் கொய்யாக் குச்சி வெட்டி உடைந்த ஜாடியில் செருகினோம், முதல் இரண்டு வழுக்கி உள்ளே விழுந்தன, மூன்றாவதை வாயைவிட ஒரு நூல் கூடுதலாக வெட்டியதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கிளை இடப்பக்கம் ஒரு முழம் வெளியே போய், கணுவில் திரும்பி, மறுபடி மேலே ஏறுகிறது. கையை எடுத்துவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தோம். விழவில்லை. கீழே ஜாடி வாயருகில் ஆவாரை இரண்டு கொத்து, அவ்வளவுதான். மற்றவர்கள் மங்குத் தட்டில் வாழைத்தண்டு வைத்துக் கோழிக்கொண்டையும் கோரையும் வைத்தார்கள். ஒருவர் மட்டும் கொட்டானில் நாணல் வைத்தார், அது ஆச்சிக்கு ரொம்பப் பிடித்துப்போய் முகப்பு மாடக்குழிக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். இந்த முறை ஆளுக்கு ஆன செலவு டீக்கும் சம்பங்கிக்கும் மட்டும். நின்றுபோன அந்தத் தோழியிடம் படத்தை அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மாமியார் வரவில்லை, முழங்கால் வலி. ஒரு கிளையை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தேன். நகோயா அண்ணன் சொன்னபடி கத்தரியைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சின்னக் கிளையை வெட்டி எடுத்தார்கள். எனக்கும் அந்த இடம்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டம் ஐப்பசி இரண்டாவது சனிக்கிழமை. காரைக்குடி, அரியக்குடி, குன்றக்குடிப் பக்கம் யார் வீட்டு வேலியிலாவது செங்காந்தள் ஏறியிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கிழங்கைத் தொட மாட்டோம். பூவும் மொட்டுமாக இரண்டே இரண்டு கொடி போதும், காலை ஆறு மணிக்கு நானே வந்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொள்கிறேன்.